குறைந்த செலவில் நிறைவான தட்டு
சுங்கை ஆயர் தாவார் வட்டாரக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

மாதக் கடைசியில் கையில் பணம் குறையும்போது நாம் முதலில் நிறுத்துவது காய்கறி, பழம், மீன். சோறும் சீனித் தேநீரும் பொரித்த பலகாரமும் குறைவதில்லை. வயிறு நிறைந்தாலும் உடலுக்குத் தேவையான சத்து கிடைப்பதில்லை.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கான வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட்தான். ஆனால், நோயால் இழக்கும் நாள் சம்பளமும் பயணச் செலவும் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

கால், கால், அரை

தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவு உணவு, கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும் இருக்கட்டும். கடைக்குப் போகும்போதும் பணத்தை இப்படியே பிரித்துப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்

1. ஒரு வாரச் சமையலை எழுதுங்கள். வீட்டில் இருப்பதைப் பார்த்த பிறகு பட்டியல் போடுங்கள்.
2. பாக்கெட் விலையைப் பார்க்காமல், ஒரு கிலோ என்ன விலை என்று கணக்கிடுங்கள். பெரிய பாக்கெட் மலிவாக இருந்தாலும், கெடுவதற்குள் முடிக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.
3. ‘பிரைஸ்கேச்சர்’ செயலியில் விலையை ஒப்பிடுங்கள். ரஹ்மா விற்பனை, பாசார் தானி நடக்கும் நாள்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.
4. மலிவுக்காகத் தெலுக் இந்தான் வரை போனால் பெட்ரோல் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அக்கம்பக்கத்தார் சேர்ந்து போகலாம்.
5. கடையில் கணக்கு வைத்து வாங்கினால் உங்களிடமும் ஒரு நோட்டு இருக்கட்டும். வாங்கும் அன்றே எழுதுங்கள்.

மாற்றிப் பாருங்கள்

• தினமும் கோழி வேண்டியதில்லை. சில நாள் கெம்போங் மீன், முட்டை, டெம்பே, பருப்பு, பாசிப்பயறு சமையுங்கள்.
• கங்கோங், முருங்கைக்கீரை, பயற்றங்காய், பூசணி ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். முருங்கை, கறிவேப்பிலை, மிளகாயை வீட்டோரம் நடலாம். மரவள்ளி இலையை நன்றாக வேகவைத்து, நீரை வடித்த பிறகே உண்ணுங்கள்.
• பழத்துக்கு வாழை, பப்பாளி, கொய்யா போதும்.
• கருவாட்டையும் நெத்திலியையும் ஊறவைத்துக் கழுவுங்கள். குழம்பில் உப்பைக் குறையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு வேண்டாம்.

மலிவான பொருளில் கவனம்

உதவித்தொகை பெறும் ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2.50 ரிங்கிட். விலை குறைவு என்பதற்காக அதிகம் ஊற்றாதீர்கள். பொரிப்பதைக் குறைத்து, வேகவைத்தோ வதக்கியோ சமைத்தால் ஒரு பாக்கெட் கூடுதல் நாள் வரும்.

வெளியில் ஒரு கோப்பை தேநீர் 2 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு கோப்பை குடித்தால் 30 நாளில் 120 ரிங்கிட். சீனியும் டின் பாலும் குறைந்த தேநீரை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி மீன், காய்கறிக்கு மிஞ்சும்.

பட்டணத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு

கோலாலம்பூரிலோ ஷா ஆலாமிலோ அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் நண்பர்களோடு சேர்ந்து வாங்கிச் சமைக்கலாம். அரிசி வேகும் மின்சட்டியின் மேல்தட்டில் முட்டையும் காய்கறியும் சேர்ந்தே வெந்துவிடும்.

நினைவில் கொள்ளுங்கள்

நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பணத்தை மிச்சப்படுத்த வேளை உணவையோ மருந்தையோ நிறுத்த வேண்டாம். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் கிளினிக்கில் தாதியிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் வருமானத்துக்கு ஏற்ற உணவுமுறையை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.