படிகத்தை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது?

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில் மலையை வெட்டிய இடங்களைக் கவனித்தால், செம்மண்ணுக்கு அடியில் பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறப் பாறை எண்ணெய்ப் பளபளப்போடு தெரியும். அதுதான் சார்னோகைட். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உட்பட நீலகிரி மலையின் உடம்பு பெரும்பாலும் இந்தப் பாறைதான். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். 1893-இல் இதற்குப் பெயர் சூட்டியவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மீதிருக்கும் பலகைக்கல், நம் சென்னைப் பக்கத்திலிருந்து போன இதே வகைக் கல் என்பதால் அந்தப் பெயர்.

சார்னோகைட்டை மற்றப் பாறைகளிலிருந்து பிரித்துக்காட்டும் கனிமம் ஹைபர்ஸ்தீன். மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து மேடையைத் திருப்பினால், அந்தப் பரல் இளஞ்சிவப்பும் இளம்பச்சையுமாக நிறம் மாறும். ஆனால் அதன் படிக வடிவத்தை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். பூமிக்குள் ஆழத்தில் பரல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்ந்ததால் எதற்கும் தன் முகங்களைக் காட்ட இடம் கிடைக்கவில்லை. முழுப் படிகம் எப்படியிருக்கும் என்று அறிய, மாணவர்கள் இன்று கணினியில் வரைகிறார்கள். ஜப்பானின் மொம்மா, இசுமி இருவரும் உருவாக்கிய ‘வெஸ்டா’ போன்ற மென்பொருள்கள் இதற்கு உண்டு.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முகங்களைக் கேட்பதற்கு முன்பே மென்பொருள் சமச்சீரைக் கேட்கிறது. பிளஸ் டூ வேதியியலில் படித்த ஏழு படிக அமைப்புகள் நினைவிருக்கலாம். அவை 32 வகுப்புகளாகவும், அணுக்களின் அடுக்கையும் சேர்த்துப் பார்த்தால் 230 இடத் தொகுதிகளாகவும் விரிகின்றன. ஹைபர்ஸ்தீன் செஞ்சாய்சதுர அமைப்பு: தீப்பெட்டியைப் போல மூன்று அளவும் வேறு வேறு, மூலைகள் எல்லாம் செங்கோணம். அதன் வகுப்பு எம்எம்எம், அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கண்ணாடித் தளங்கள் கொண்டது.

வகுப்பைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு முகம் மூன்று அச்சுகளையும் எப்படி வெட்டுகிறது என்பதை மூன்று எண்களால் குறிப்பார்கள். அப்படி (111) என்ற ஒரே ஒரு முகத்தைக் கொடுத்துப் பாருங்கள். எம்எம்எம் என்று சொல்லியிருந்தால் மென்பொருள் அதை எட்டு முகங்களாகப் பெருக்கி, இரட்டைப் பிரமிடு ஒன்றை வரையும். கண்ணாடித் தளமே இல்லாத 222 வகுப்பைச் சொல்லியிருந்தால் நான்கு முகங்கள்தான் வரும். கிடைப்பது ஒரு நான்முகி. தட்டச்சு செய்த எண் ஒன்றுதான், படிகம் வேறு.

சமச்சீர் சரியாக இருந்தாலும் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது: எந்த அச்சுக்கு எந்தப் பெயர்? ஹைபர்ஸ்தீனின் அலகுக்கூட்டின், அதாவது திரும்பத் திரும்ப அடுக்கிப் படிகத்தைக் கட்டும் சிறு பெட்டியின், பக்கங்கள் ஏறத்தாழ 18.3, 8.9, 5.2 ஆங்ஸ்ட்ராம். இன்றைய வழக்கில் நீளமான பக்கம் ஏ, அடுத்தது பி, குட்டையானது சி. இடத் தொகுதியின் குறியீடு பிபிசிஏ. ஏ, பி இரண்டையும் இடம் மாற்றினால் அதே தொகுதி பிசிஏபி என்று எழுதப்படும். 230 தொகுதிகளின் வரிசையில் எண் இரண்டுக்கும் 61தான். எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்துவிட்டு அளவுகளை வேறு வரிசையில் நிரப்பினால், மென்பொருள் மறுப்புச் சொல்லாமல் தப்பாகவே வரைந்து தரும்.

பழைய நூல்கள் இன்னொரு சிக்கல். எக்ஸ்-கதிரில் அலகுக்கூட்டை அளப்பதற்கு முந்தைய காலத்தில், முகங்களின் கோணங்களை மட்டும் அளந்து அச்சுகளை வகுத்தார்கள். அந்தக் கணக்கில் ஏ அச்சு இன்றைய அளவில் பாதி. அதனால் ஹைபர்ஸ்தீன் பிளவுபடும் தளம் பழைய நூல்களில் (110), இன்றைய நூல்களில் (210). தளம் ஒன்றே. புதிய அளவுகளோடு பழைய (110)-ஐ உள்ளிட்டால், சுமார் 88 பாகையில் சந்திக்க வேண்டிய தளங்கள் 52 பாகையில் சந்திக்கும். ஏறக்குறையச் சதுரத் தூணாக நிற்க வேண்டிய படிகம் தட்டையாகிவிடும். இந்தக் குழப்பத்துக்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைசியாகப் பார்வைத் திசை. இதில் பிழைத்தாலும் படிகம் மாறாது, படம்தான் புரியாமல் போகும். சி அச்சு செங்குத்தாக, ஏ பார்ப்பவரை நோக்கி, பி வலப்புறம் என்பது நெடுநாள் மரபு. நேராகப் பார்த்தால் பக்க முகங்கள் மறையும் என்பதால் படிகத்தை 18 பாகை 26 கலை திருப்பி, மேலிருந்து 9 பாகை 28 கலை சாய்வாகப் பார்த்து வரைவார்கள். நூல்களிலுள்ள கோட்டுப்படங்கள் பலவும் இந்தக் கோணத்தில் வரையப்பட்டவையே.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் கார்னெட்டை வரையுங்கள். நீலகிரியின் வடபகுதிச் சார்னோகைட்டில் சிவப்புப் பரல்களாகக் கிடைப்பது அதுதான். கனசதுர அமைப்பில் மூன்று அச்சுகளும் சமம், பெயர் மாறினாலும் குடி முழுகாது. (110) என்ற ஒரு முகம் கொடுத்தால் பன்னிரண்டு முகப் படிகம் முழுதாக வந்துவிடும். அதன் பிறகு ஹைபர்ஸ்தீனுக்கு வாருங்கள். வரைந்ததும் அருகருகே உள்ள இரண்டு (210) வகை முகங்களுக்கு இடையிலான கோணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 88 பாகையோ அதன் மிகைநிரப்பியான 92 பாகையோ வராவிட்டால், அச்சுகளின் வரிசையை முதலில் சரிபாருங்கள்.