குளக்கட்டை வெட்ட வேண்டாம், துருசைத் திறந்தால் போதும்

“நானா, ஃபயர்வோல ஓஃப் பண்ணிவிட்டா வேலை செய்யும்.”

வீட்டில் இரண்டு கணினிகள் இருந்து, ஒன்றில் உள்ள கோப்பு மற்றதில் திறக்க மறுத்தால், சாகாமத்திலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் முதலில் கிடைக்கும் வைத்தியம் இதுதான். அது போலி வைத்தியமும் அல்ல. ஓஃப் பண்ணியதும் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வேலை முடிந்தபின் அதைத் திரும்ப ஓன் பண்ண எவருக்கும் ஞாபகம் வராது. அதே லெப்டொப் மறுநாள் ஒலுவில் கம்பஸ் வைஃபையிலும் அடுத்த நாள் ஏதோ ஒரு தேநீர்க்கடை வைஃபையிலும் காவல் இல்லாமல் திரியும்.

வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சாகாமம் குளத்தின் துருசைத் திறப்பார்களே தவிர, கட்டை யாரும் வெட்டமாட்டார்கள். கணினிக்குள் வரும் வழிகளைக் காக்கும் ஃபயர்வோலிலும் அப்படியொரு துருசு இருக்கிறது.

“நம்ம கொம்பியூட்டர்ல என்ன பெரிய ரகசியம்?” என்று கேட்பவர்கள் ஒரு தடவை அதைத் திறந்து பார்க்கட்டும். கட்டாருக்குப் போவதற்காக ஸ்கேன் பண்ணிய கடவுச்சீட்டு, அடையாள அட்டை, காணி உறுதி, விவாகப் பதிவு, பிள்ளைகளின் படங்கள், ஆசிரியர் வீடென்றால் தவணைப் பரீட்சை வினாத்தாள். கொமியூனிகேஷன் கடை என்றால் கேட்கவே வேண்டாம், ஊரில் பாதிப்பேரின் அடையாள அட்டை டெஸ்க்டொப்பிலேயே கிடக்கும். போட்டோகொப்பி எடுக்க வருபவருக்குக் கொடுக்கும் வைஃபையும் கடைக் கணினி இருக்கும் வைஃபையும் ஒன்றாகவே இருந்தால், அந்த ஆவணங்களுக்கு யார் பொறுப்பு?

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்வது 445 என்ற இலக்கமுடைய போர்ட், அதாவது வாயில், வழியாக. 2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் இதே வழியாகத்தான் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் பரவியது. யாரும் எந்த இணைப்பையும் அழுத்தத் தேவைப்படவில்லை. திறந்திருந்த 445ஐத் தேடித் தேடி அது தானாகவே நுழைந்தது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது, பலர் போட்டுக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் அரச மருத்துவமனை அமைப்புகளில் மூன்றிலொன்று அன்று பாதிக்கப்பட்டது. இணையத்தைப் பார்த்திருக்கும் ஃபயர்வோலை ஒழுங்காக நிர்வகித்திருந்தாலே தப்பியிருக்கலாம் என்று அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் பின்னர் எழுதியது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், நம் வீடுகளிலும் திருத்தம் வராத கணினிகள் இனிக் கூடத்தான் செய்யும்.

சரி, துருசு எங்கே இருக்கிறது? புதிதாக ஒரு வைஃபையில் இணையும்போது விண்டோஸ் அதைப் ‘பப்ளிக்’, அதாவது பொது இடம் என்றே எடுத்துக்கொள்ளும். பொது இடத்தில் பகிர்வு மூடியிருக்கும். உங்கள் சொந்த வீட்டு வைஃபையை மட்டும், நெட்வேர்க் செட்டிங்ஸில் அதன் பெயரை அழுத்தி, ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். பிறகு ‘அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ்’ பகுதிக்குப் போய், பிரைவேட்டின் கீழ் ‘நெட்வேர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அன்ட் பிரின்டர் ஷேரிங்’ இரண்டையும் ஓன் பண்ணுங்கள். பப்ளிக்கின் கீழ் இரண்டும் ஓஃப்பிலேயே இருக்கட்டும். இதைச் செய்ததும் தேவையான வழியை ஃபயர்வோல் தானே திறந்துகொள்ளும். அப்படியும் நடக்காவிட்டால், ஃபயர்வோலின் அனுமதிப் பட்டியலில் ‘ஃபைல் அன்ட் பிரின்டர் ஷேரிங்’ வரிக்கு பிரைவேட் கட்டத்தில் மட்டும் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு கம்பனியின் அன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள் தனி ஃபயர்வோல் இருக்கலாம். வீட்டு வைஃபையை நம்பகமானது என்று அதற்கும் தனியாகச் சொல்லவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான வீடுகளில் சிக்குவது கடவுச்சொல்லில்தான், பழி விழுவதோ ஃபயர்வோல் மீது. மற்றக் கணினி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், நாம் நாலு இலக்க பின் நம்பரை அடிப்போம், அது ஏற்காது. பின் நம்பர் அந்தக் கணினியின் முன்னால் இருப்பவருக்கு மட்டுமே செல்லும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் வலையமைப்பு வழியாக வர விண்டோஸ் விடாது. இந்த எரிச்சலில்தான் ‘பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்’ என்பதையும் ஓஃப் பண்ணிவிடுகிறார்கள். பகிர்வுக்கென்றே நல்ல கடவுச்சொல்லுடன் தனியாக ஒரு லோக்கல் கணக்கை உருவாக்கினால் அந்தத் தொல்லை தீரும். சி டிரைவை முழுதாகப் பகிராமல் ஒரேயொரு ஃபோல்டரை, ‘எவ்ரிவன்’ என்பதை நீக்கிவிட்டு அந்தக் கணக்குக்கு மட்டும் கொடுங்கள். பார்க்க மட்டுமே வேண்டியவருக்கு எழுதும் அனுமதி எதற்கு? எழுத அனுமதி இருந்தால், அவர் கணினிக்குள் புகுந்த கப்ப மென்பொருள் உங்கள் ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டிவிடும்.

விருந்தினருக்கும் வாடிக்கையாளருக்கும் ரவுட்டரில் ‘கெஸ்ட்’ வைஃபை ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக் கோப்பைப் பார்க்கவேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 445ஐ இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். வீட்டுக்குள் ஒரேயொரு கோப்பைத்தான் மாற்றவேண்டும் என்றால் பென் டிரைவே போதும்.

நாம் கதவைத் திறந்து வைத்துவிட்டோமே, இனிச் சட்டத்திடம் போக முடியுமா என்று சிலர் தயங்குகிறார்கள். முடியும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, தனக்கு உரிமையில்லை என்று தெரிந்தும் வேண்டுமென்றே இன்னொருவரின் கணினிக்குள் அல்லது அதிலுள்ள தகவலுக்குள் நுழைவது குற்றம். ஒரு இலட்சம் ரூபா வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அயல்வீட்டுப் பையன் தற்செயலாகத் திறந்த ஃபோல்டரைக் கண்டுவிட்டால் அது இதற்குள் வராது. கண்டபின் வேண்டுமென்றே துழாவினால் கதை வேறு. 2022இல் இயற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் தரவைத் தொடாது. ஆனால் வாடிக்கையாளரின் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் கடை வீடல்ல. சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதாக அமைந்திருந்தாலும், வேலை முடிந்ததும் பிரதியை அழிக்கச் சொல்ல வாடிக்கையாளர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கோப்புகள் பூட்டப்பட்டு திரையில் கப்பம் கேட்டால், முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். திரையைப் போனில் படமெடுங்கள். உடனே ஃபோர்மட் பண்ண ஓடாதீர்கள், சாட்சியும் சேர்ந்து அழிந்துபோகும். பணம் கட்டினாலும் கோப்பு திரும்புமென்ற உறுதி கிடையாது. சில வகைப் பூட்டுகளுக்கு, யூரோபோல் முதலியோர் 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ இலவசச் சாவி தருகிறது. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசின் கிளவுட் சேவையே இப்படித் தாக்கப்பட்டு, மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்கள் காப்புப் பிரதி இல்லாமல் தொலைந்தன. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அரசுக்கே அப்படி என்றால், கழற்றி அலுமாரியில் வைக்கும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் நமக்கு ஆடம்பரமல்ல.

முறையிட, இலங்கை சேர்ட் எனப்படும் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவை 101 இல் அழைக்கலாம். குற்றமென்றால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். படங்களை வைத்து மிரட்டப்படும் பெண்களுக்கு ‘ஹிதவதி’ சேவை வழிகாட்டுகிறது. கிழக்கு மாகாணத்தில் எந்த அரச அதிகாரிக்கும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. “சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க” என்றால் திரும்பி வரவேண்டியதில்லை. முறைப்பாட்டின் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். களவுபோன அடையாள அட்டைப் படத்தை வைத்து நாளை யாராவது உங்கள் பெயரில் சிம் எடுத்தால், திகதியுடன் காட்டக் கையில் இருப்பது அதுதான்.