செவிக்கு ஒரு பரீட்சை

வங்காலை போன்ற மன்னார்க் கரையூர்ப் பிள்ளைகள் தவக்காலப் பாட்டையும் நாட்டுக்கூத்துப் பாட்டையும் கேட்டே வளர்கின்றனர். ஆயினும் பள்ளிச் சங்கீதப் பரீட்சையில், "கேட்ட பாட்டின் இராகம் யாது?" என்றதும் மலைக்கின்றனர். மலைப்பு எதற்கு?

முதலில் சுருதியோடு ஒன்றி ஆதார சட்ஜத்தை மனத்தில் நிறுத்துவோம். பின்பு, வாராத சுரங்களைத் தேடுவோம். மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. ஹம்சத்வனியில் மத்திமமும் தைவதமும் இல்லை. ஆகவே பஞ்சமத்துக்கு மேல் ஒலிப்பது தைவதமா, நிஷாதமா என்பதொன்றே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். அடுத்து, கையால் தாளமிட்டு எண்ணுவோம். 8 அட்சரத்தில் ஆவர்த்தனம் நிறைந்தால் பெரும்பாலும் ஆதி தாளமே.

பெற்றோரே, பிள்ளைகள் பாட்டுக் கேட்பதை வீண்பொழுதென்று விலக்காதீர்கள். கூத்துக்களரியில் பழகிய செவி பாதிப் பாடத்தை முன்பே கற்றுவிட்டது; சுரங்களின் பெயரறிவதே மிச்சம்.