வாடை வராத கஞ்சா

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரப் பெற்றோர்களே! "எங்க பையன்கிட்ட பீடி வாடைகூட வராதுங்க" என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? கஞ்சா பீடியில் மட்டும் வருவதில்லை, சாக்லெட்டாகவும் வருகிறது. தமிழ்நாட்டுப் போலீசார் அதையும் பிடித்திருக்கிறார்கள்.

புகைத்தால் சில நிமிடத்தில் போதை ஏறும். கண் சிவக்கும், சட்டையில் வாடை நிற்கும். தின்றால் புகையும் இல்லை, வாடையும் இல்லை. போதை தெரிய அரை மணி முதல் 2 மணி நேரம் ஆகும். "ஒண்ணும் ஆகலையே" என்று இன்னொன்றையும் தின்பான். பிறகு எல்லாம் சேர்ந்து ஏறும். நெஞ்சு படபடக்கும், பயம் பிடிக்கும், இல்லாத குரல் காதில் கேட்கும். காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தின்றது இன்னதென்று டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது. ஆகவே 15 வயதில் தொடுபவனுக்கு மறதியும் மனநோயும் வரும் ஆபத்து கூடுதல்.

அடித்தால் ஒளிப்பான். பல வீடுகளில் தாய்க்குத் தெரிந்தது தகப்பனுக்குத் தெரியாது. முதலில் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். போலீஸ் கேஸ் வருமோ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போடவேண்டாம். சிறிதளவு வைத்திருந்து பிடிபட்ட அடிமையும், தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழியுண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு நேரில் போகலாம். 14446 என்ற எண்ணில் கேட்கலாம், காசு இல்லை.