கள்ளும் கூலியும்

தென்னம்பாளையைச் சீவினால் வடியும் சாறு முதலில் வெறும் இனிப்பு நீரே. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், சில மணி நேரத்தில் அதன் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. அதுவே கள். நாள் கடந்தால் அது புளித்துக் காடியாகிவிடும். ஆகவே கள்ளை நெடுநாள் சேமித்து வைக்கவோ, தொலைவுக்கு அனுப்பவோ இயலாது. மரத்துக்கு அருகிலேயே கடையும் வேண்டும்.

கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோட்டங்களும் அடுத்தடுத்து இருந்தன. எனவே தொழிலாளர் லயங்களுக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை அமைவது எளிதாயிற்று. உரிமம் வழங்கிய ஆங்கில ஆட்சிக்கு அதனால் வருவாயும் கிடைத்தது. தொழிலாளி பெற்ற கூலியில் ஒரு பங்கு, வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே கடைக்குச் சென்றது.

இதனைத் தொழிலாளர் அறியாதவர் அல்லர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி ஆகிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. ராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். இயக்கத்தை முன்னின்று நடத்திய நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கூலி உயர்ந்தால் மட்டும் போதாது. உயர்ந்த கூலி குடும்பத்தைச் சென்றடையவும் வேண்டும். அக்கோரிக்கையின் உட்பொருள் இதுவேயாம்.