நிறம் மாறும் ரங்கூன் மல்லி

சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் சரம் சரமாய்த் தொங்கும் மல்லிகையை உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் வேலிகளிலும் வீட்டு முகப்புகளிலும் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் இன்னொரு மல்லியைக் கவனித்ததுண்டா? ரங்கூன் மல்லியைத்தான் சொல்கிறோம். மலாய்க்காரர்கள் 'ஆக்கார் டானி' என்பார்கள். பெயரில்தான் மல்லி, உண்மையில் அது நம் கடுக்காய்க்கும் மருத மரத்துக்கும் பங்காளி.

பொழுது சாய்ந்த பிறகு போய்ப் பாருங்கள். அவிழும்போது பூ வெள்ளை வெளேரென்றிருக்கும். மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கும் மறுநாள் நல்ல சிவப்பு. குழலின் அடியிலுள்ள தேனை எட்ட, நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சி இருட்டில் வரவேண்டும். வெள்ளை நிறமும் வாசனையும் அதற்கு வழிகாட்டி.

பெயர் வந்த கதையும் வேடிக்கைதான். 17ஆம் நூற்றாண்டில் அம்போன் தீவிலிருந்த ரம்ஃபியஸ் என்ற அறிஞர், 'உடானி' என்ற மலாய்ப் பெயரை 'எப்படிப்பட்டது' எனும் டச்சுச் சொல்லோடு பொருத்தி, லத்தீனில் 'குவிஸ்குவாலிஸ்' என்றார். 'யார், எப்படிப்பட்டவர்?' என்று பொருள். 1762இல் லின்னேயஸும் அதையே ஏற்றார். மூன்று நாளில் மூன்று முகம் காட்டும் பூவுக்கு வேறென்ன பெயர் வைப்பது!

மருந்து இருப்பது விதையில். தோட்டத்துப் பாட்டிமார் விளக்கெண்ணெய் புகட்டிய அதே நாக்குப்பூச்சித் தொல்லைக்கு, சீனத் தாய்மார் இந்த விதையை வறுத்துக் கொடுத்தார்கள். குவோ ஷிஜுன் என்ற வைத்தியரின் பெயரால் சீனத்தில் அது 'ஷிஜுன்சி' ஆனதாம்.

அப்படியானால் வேலியில் பறித்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, அம்மா? வேண்டவே வேண்டாம். 1970களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் விதையிலிருந்து குவிஸ்குவாலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது நரம்பைத் தாக்கும் பொருள். நேராக மூளையில் செலுத்தினால் எலியின் நரம்பணுக்கள் சாகின்றன. விதையை அளவுக்கு மிஞ்சித் தின்றால் விக்கல், வாந்தி, தலைசுற்றல் வரும். எது அளவு என்பது பிள்ளையின் வயதையும் உடலையும் பொறுத்தது. கண்ணளவில் சொல்ல முடியாது. பூச்சிக்கு இன்று மருத்துவர் தரும் மாத்திரை இருக்கிறது. சீன வைத்தியம்தான் வேண்டுமென்றால் பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள்.

பூவுக்காக வளர்ப்பதானால் தடையேயில்லை. நல்ல வெயிலும் படர ஒரு பந்தலும் போதும்; பதியன் போட்டாலே வரும். வேரிலிருந்து புதுத்தளிர் கிளம்பிப் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும், வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இலை உதிர்ந்த பின் காம்பின் அடி முள்ளாகத் தங்கிவிடும். கத்தரிக்கும்போது கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.