பத்து நொடியில் ஏறும் போதை

1960களில் ஸ்வீடன் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புகைபிடிக்கத் தடை இருந்தது. கடலுக்கடியில் போனதும் சிகரெட் பிரியர்கள் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளித்தார்கள். இதைக் கவனித்த லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் கிளேஸ் லுண்ட்கிரென், லியோ என்ற மருந்து நிறுவனத்தில் இருந்த ஊவே ஃபெர்னோவுக்கு 1967இல் கடிதம் எழுதினார். புகை இல்லாவிட்டாலும் நிகோட்டின் கிடைத்தால் ஆள் தாக்குப்பிடிக்கிறானே, இதை மருந்தாக்கினால் என்ன? ஃபெர்னோவும் சிகரெட்டை விட முடியாமல் திண்டாடியவர்தான். நிகோட்டினைப் பிசினோடு பிணைத்துச் சூயிங்கம் ஆக்கும் வேலை பத்தாண்டு இழுத்தது. 1978இல் ஸ்விட்சர்லாந்து அதற்கு அனுமதி கொடுத்தது.

நிகோட்டினுக்கு நிகோட்டினே மருந்தா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சூட்சுமம் வேகத்தில் இருக்கிறது. ஒரு இழுப்பு இழுத்தால் நிகோட்டின் 10 முதல் 20 நொடிக்குள் நுரையீரல் வழியாக மூளைக்குப் போய் டோபமைன் என்ற சுக ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது. இழுப்பும் சுகமும் இத்தனை நெருக்கமாக வருவதால் மூளை இரண்டையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் நிகோட்டின் பாதியாகக் குறைய, கை மறுபடி பாக்கெட்டைத் தேடும். சூயிங்கம்மிலோ அளவு உச்சத்துக்கு வர அரை மணி நேரம் போல ஆகும். தவிப்பு தணியும், ‘கிக்’ ஏறாது. புற்றுநோயையும் மாரடைப்பையும் கொண்டுவரும் தார், கார்பன் மோனாக்சைடு போன்ற புகையின் நஞ்சுகளும் இதில் கிடையாது.

ஆனால் மெல்லத் தெரிய வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கியவர் சாதாரண பபிள்கம் போல மென்று தள்ளுவார். நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும் வரும். ‘இது நமக்கு ஒத்துக்காது’ என்று தூக்கிப் போட்டுவிடுவார். மெதுவாக மென்று, மிளகு போலக் காரம் தட்டியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். காபி, ஜூஸ் குடித்துக் கால் மணி நேரத்துக்குள் போட்டால் அமிலம் கெடுத்துவிடும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 வேண்டும். நாள் முழுக்கத் தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச்சோடு கம்மையும் சேர்த்தால் பலன் இன்னும் கூடுகிறது.

மாத்திரையும் உண்டு. லபர்னம் என்ற மஞ்சள் பூ மரத்தின் விதையில் உள்ள சைட்டிசினை 1960களிலேயே பல்கேரியா மருந்தாக்கியது. அதன் சாயலில் உருவான வாரெனிக்ளின் 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல, மூளையில் நிகோட்டின் உட்காரும் இடத்தை இது முன்பே பிடித்துவைக்கிறது. அப்புறம் புகைத்தாலும் சுகம் சப்பென்றிருக்கும். மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் சில காலம் இருந்தது. 8,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு 2016இல் அதைப் பெரும்பாலும் போக்கியது. டாக்டர் சீட்டு வேண்டும். வழக்கமாக 12 வாரம் சாப்பிட வேண்டும்.

ரம்மி ஆப்பில் சம்பளத்தைத் தொலைக்கிறவருக்கு என்ன மாத்திரை? உடம்புக்குள் எந்தப் பொருளும் போகாத இதையெல்லாம் போதை என்பதே மிகை என்று நினைப்பவர்கள் பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்க்கலாம். அந்த நோய்க்காக டோபமைனைப் போல வேலைசெய்யும் மருந்துகளைச் சாப்பிட்டு வந்த 11 பேர் கட்டுமீறிய சூதாட்டத்தில் விழுந்ததை மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005இல் பதிவுசெய்தார்கள். மருந்தைக் குறைத்தும் நிறுத்தியும் பார்த்தவர்களிடம் அந்த வெறியும் அடங்கியது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சூதாட்டத்தை மது, போதைப்பொருளோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது.

என்றாலும் சூதாட்டத்துக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து எதுவும் கிடையாது. சூதாட்டத்துக்குச் சூயிங்கம்மும் இல்லை. அதனால் வேகத்தை வெளியிலிருந்து குறைக்கிறார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், ஆசை எழும் நேரம், இடம், மனநிலையை எழுதி வைத்து, அது எழுந்து உச்சம் தொட்டுத் தணியும்வரை தள்ளிப்போடப் பழக்குகிறார்கள். கூடவே ஆப்பை நீக்குவது, யுபிஐ வரம்பைக் குறைப்பது, ஏடிஎம் கார்டை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைப்பது. பார்த்தால் அற்பமாகத் தெரியும். விரல் நுனிக்கும் பணத்துக்கும் நடுவே பத்து நிமிடம் நுழைவதே பெரிய காரியம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் செல்போன், கேமிங் பிரச்சினைகளுக்காகவே 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை முடக்கத் தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் விதி போட்டதும் இதே தர்க்கம்தான். அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றை மொத்தமாகத் தடைசெய்தது.

புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம். 2018 முதல் பாக்கெட் மேலேயே இதை அச்சிட வேண்டும் என்பது சட்டம். டீக்கடையில் ஒற்றை சிகரெட்டாக வாங்குகிறவர் கண்ணில் அந்தப் பாக்கெட் படுவதே இல்லை.